கிண்டிக்கு எத்தனை மதிப்பெண் வேண்டும்?

பிளஸ் 2 தேர்வு முடிவுகள் 2025 மே மாதம் வெளியான நாளிலிருந்து, ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் கணிதப் பிரிவில் படித்த பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் ஒரு கேள்வி ஓயாமல் கேட்கப்பட்டு வந்தது. கிண்டி பொறியியல் கல்லூரி கிடைக்குமா? கிண்டி இல்லையென்றால் குரோம்பேட்டை எம்.ஐ.டி.? அதுவும் இல்லையென்றால் மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியில் விரும்பிய பாடம்? பதில் சொல்வோருக்குக் குறைவில்லை. விண்ணப்பம் நிரப்பித் தரும் கணினி மையத்தார் ஒன்று சொல்கிறார். பயிற்சி மையத்தார் வேறொன்று சொல்கிறார்கள். யூடியூபில் தினமும் ஒருவர் தோன்றி ஒரு பட்டியலை வாசிக்கிறார். இவர்கள் அனைவரையும்விட நம்பகமானவராகக் கருதப்படுபவர் பக்கத்துத் தெருக்காரர். "போன வருஷம் எங்க அக்கா மகனுக்கு நூற்றுத் தொண்ணூற்றாறுக்கே கிடைச்சது, அண்ணாச்சி. இந்த வருஷமும் அதுதான் இருக்கும்" என்று அவர் சொல்லிவிட்டால், அந்த வீட்டில் அன்றிரவு மகிழ்ச்சியோ துக்கமோ உறுதியாகிவிடுகிறது.

அவர் பொய் சொல்லவில்லை. ஆனால், அவர் சொன்னது கேள்விக்கான விடையும் அல்ல. மதிப்பெண்ணுக்கு இடம் கிடைப்பதில்லை. வரிசையில் நிற்கும் இடத்துக்குத்தான் கல்லூரியில் இடம் கிடைக்கிறது. தமிழ்நாட்டுப் பொறியியல் சேர்க்கையில் அந்த வரிசை ஒளிவுமறைவின்றி வெளியிடப்படுகிறது. 2025-ஆம் ஆண்டின் தரவரிசைப் பட்டியல் ஜூன் 27-ஆம் தேதி வெளியானது. பொதுப் பிரிவினருக்கான கலந்தாய்வு ஜூலை 14-இல் தொடங்கியது. இடைப்பட்ட அந்த நாள்களில் பக்கத்துத் தெருக் கணக்கை விட்டுவிட்டு, வரிசைக் கணக்கைப் பார்த்த குடும்பங்கள் எத்தனை என்பதுதான் கவலை தரும் செய்தி.

ஒரே மதிப்பெண், வேறு வேறு இடம்

கட்-ஆஃப் என்று நாம் அழைப்பது கணிதத்தின் 100 மதிப்பெண்ணையும், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களில் பாதியையும் கூட்டி 200-க்குக் கணக்கிடும் எண். நுழைவுத் தேர்வு இருந்த காலத்தில் இதே கணக்கு 300-க்குப் போடப்பட்டது. அந்தத் தலைமுறையினர்தான் இன்றைய பெற்றோர்கள். அவர்கள் மனத்தில் மதிப்பெண் என்பது தராசின் எடைக்கல்லைப் போல மாறாத ஒன்று. உண்மையில் அது ஆண்டுதோறும் எடை மாறும் கல்.

200-க்கு 200 எடுத்தவர்களின் எண்ணிக்கையை மட்டும் பாருங்கள். 2023-இல் 102 பேர். 2024-இல் 65 பேர். 2025-இல் 144 பேர். அதாவது, முழு மதிப்பெண்ணை மயிரிழையில் தவறவிட்ட மாணவரின் இடம் 2024-ஆம் ஆண்டு 66-இல் தொடங்கியது. 2025-ஆம் ஆண்டு 145-இல் தொடங்கியது. உச்சியிலேயே இப்படி என்றால், கூட்டம் நெருக்கியடிக்கும் 190-களில் என்ன நடக்கும் என்பதை ஊகிக்கலாம். அங்கே அரை மதிப்பெண் என்பது நூற்றுக்கணக்கான பேர் நிற்கும் தூரம். தரவரிசைப் பட்டியலில் இடம்பெற்றோரின் எண்ணிக்கையும் வளர்ந்துகொண்டே போனது. 2023-இல் சுமார் 1.79 லட்சம், 2024-இல் ஏறத்தாழ 2 லட்சம், 2025-இல் 2.41 லட்சத்துக்கும் மேல். ஒரே ஆண்டில் வரிசை 40 ஆயிரம் பேருக்கு மேல் நீண்டுவிட்டது. அவர்கள் அனைவரும் வரிசையின் முன்பகுதியில் நிற்கவில்லை என்பது உண்மையே. ஆனால், முன்பகுதியில் யாருமே சேரவில்லை என்றும் இருக்க முடியாது.

வினாத்தாள் எளிதாக அமைந்தால் மதிப்பெண் உயரும், அதே மதிப்பெண்ணின் மதிப்புக் குறையும். கடினமாக அமைந்தால் இதற்கு நேர்மாறு. 2021-இல் கரோனாவால் பொதுத்தேர்வே நடக்கவில்லை. பத்தாம் வகுப்பு, பிளஸ் 1, பிளஸ் 2 உள்மதிப்பீடு ஆகியவற்றைக் கலந்து மதிப்பெண் வழங்கப்பட்டது. அந்த ஆண்டின் கட்-ஆஃபை வேறெந்த ஆண்டோடும் ஒப்பிட முடியாது. ஆயினும், "கடந்த ஐந்தாண்டு சராசரி" என்று அதையும் சேர்த்து அச்சடித்த தாள்கள் சில காலம் உலா வந்தன. மூன்று மாங்காயையும் இரண்டு தேங்காயையும் கூட்டி ஐந்தால் வகுத்த சராசரி அது.

மத்திய வாரியப் பள்ளிகளில் படித்தவர்களின் மதிப்பெண்ணை மாநில வாரிய மதிப்பெண்ணோடு சமன்செய்யும் முறை ஒன்றும் உண்டு. ஒவ்வொரு வாரியத்திலும் அந்தப் பாடத்தில் எடுக்கப்பட்ட உச்ச மதிப்பெண்ணை அடிப்படையாகக் கொண்டது அது. இரு வாரியங்களிலும் யாரேனும் ஒருவர் 100 எடுத்துவிட்டால் இந்தச் சமன்செய்தல் பெயரளவுக்குத்தான் எஞ்சும். "சி.பி.எஸ்.இ. பிள்ளைக்குக் கூட்டிப் போடுவார்கள்" என்ற நம்பிக்கையில் இருக்கும் பெற்றோர் இதை அறிந்திருப்பது நல்லது.

கடைசி மதிப்பெண் யாருடையது?

சென்ற ஆண்டின் கட்-ஆஃப் என்று வெளியிடப்படும் எண், அந்தப் பாடத்தில், அந்த வகுப்புப் பிரிவில் கடைசியாக இடம் பெற்ற ஒரே ஒரு மாணவரின் மதிப்பெண். இதைச் சற்று விரித்துப் பார்க்க வேண்டும். குழப்பம் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது.

ஒரு பாடத்தில் 60 இடங்கள் இருப்பதாகக் கொள்வோம். 69 சதவீத இடஒதுக்கீட்டின்படி பொதுப் போட்டிக்கு 31 சதவீதம், அதாவது ஏறத்தாழ 19 இடங்கள். பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5 சதவீதம், 16 இடங்கள். பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீதம், 2 இடங்கள். மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினருக்கு 20 சதவீதம், 12 இடங்கள். பட்டியல் இனத்தவருக்கு 15 சதவீதம், 9 இடங்கள். அருந்ததியருக்கு 3 சதவீதம், கிட்டத்தட்ட 2 இடங்கள். பழங்குடியினருக்குரிய 1 சதவீதம் ஓர் இடத்தைக்கூட முழுமையாக எட்டுவதில்லை.

இப்போது அருந்ததியர் பிரிவின் கடைசி மதிப்பெண்ணை எண்ணிப் பாருங்கள். இரண்டே இடங்கள். இரண்டாமவராக நின்ற மாணவி கடைசி நேரத்தில் வேறு கல்லூரியை மேலே வைத்திருந்தால், அடுத்தவருக்கு அந்த இடம் போயிருக்கும். கட்-ஆஃப் ஐந்தோ பத்தோ மதிப்பெண் இறங்கியிருக்கும். ஒரு தனி மனிதரின் விருப்பம் அது. அதைப் பார்த்து, "எங்கள் பிரிவுக்கு இந்த மதிப்பெண் இருந்தால்தான் கிடைக்கும்" என்று முடிவு கட்டி, முயற்சியையே கைவிடும் குடும்பங்கள் உண்டு. இடங்கள் குறைவாக உள்ள பிரிவுகளில் சென்ற ஆண்டின் எண் சொல்லும் செய்தி மிக மங்கலானது. பொதுப் போட்டியிலும் பிற்படுத்தப்பட்டோர் பிரிவிலும் சற்றுத் தெளிவானது. ஏழை எளியவர்களுக்குத்தான் வழிகாட்டி விளக்கின் ஒளி குறைவாக இருக்கிறது என்பது இந்த முறையின் கசப்பான ஓரம்.

ஐ.ஐ.டி., என்.ஐ.டி. சேர்க்கையை நடத்தும் கூட்டு இருக்கை ஒதுக்கீட்டு ஆணையம் ஒவ்வொரு பாடத்துக்கும் முதலில் இடம் பெற்றவரின் தரவரிசை எண்ணையும், கடைசியில் இடம் பெற்றவரின் தரவரிசை எண்ணையும் சுற்றுவாரியாக வெளியிடுகிறது. அதனால் அங்கே பேச்சே தரவரிசை எண்ணில்தான் நடக்கிறது. நம் ஊரில் பேச்சு இன்னும் மதிப்பெண்ணிலேயே நிற்கிறது. இத்தனைக்கும் நம் மாணவரின் கையில் இப்போது இரண்டு எண்கள் உள்ளன: பொதுத் தரவரிசை எண், வகுப்புப் பிரிவின் தரவரிசை எண். சென்ற மூன்றாண்டுகளில் தான் விரும்பும் பாடம் தன் பிரிவில் எந்த எண்ணோடு முடிந்தது என்பதைப் பார்த்தால் போதும். அந்த மூன்றில் மிகக் குறைந்த எண்ணுக்கும் முன்னால் தன் எண் இருந்தால் ஏறத்தாழ உறுதி. மிக அதிகமான எண்ணுக்கும் வெகுதூரம் பின்னால் இருந்தால் நம்பிக்கை குறைவு. இரண்டுக்கும் நடுவே இருந்தால் யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. அப்படிச் சொல்பவரிடம் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

தேர்ச்சி வேறு, வரிசை வேறு

விருதுநகர் மாவட்டம் பிளஸ் 2 தேர்ச்சி விகிதத்தில் கால் நூற்றாண்டுக்கும் மேலாக மாநிலத்தின் முன்வரிசையில் நிற்பது. 2023-இல்கூட 97.85 சதவீதத் தேர்ச்சியுடன் முதலிடம் பெற்றது. இதே மாவட்டம் 2018-இல் நிதி ஆயோக் தேர்ந்தெடுத்த முன்னேற விழையும் மாவட்டங்களின் பட்டியலிலும் இருந்தது. தமிழ்நாட்டிலிருந்து இதனுடன் சேர்க்கப்பட்ட மற்றொன்று ராமநாதபுரம். இரண்டு செய்திகளும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. தேர்ச்சி என்பது ஒரு வாசற்படி. அதை எத்தனை பேர் தாண்டினாலும் ஒருவர் தாண்டியதால் மற்றவருக்கு நட்டமில்லை. ஆனால், கிண்டியின் வாசலில் ஒருவர் நுழைந்தால் இன்னொருவர் வெளியே நிற்கிறார். 97 சதவீதப் பெருமை வாசற்படியைப் பற்றிய பெருமை. அது மாவட்டத்தின் பள்ளிகள் யாரையும் கைவிடவில்லை என்பதற்குச் சான்று, மதிக்கத்தக்க சாதனை. வரிசையின் முதல் ஐயாயிரம் பேரில் மாவட்டத்தின் பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களில் அரசுப் பள்ளியில் படித்தவர்கள் எத்தனை பேர் என்ற கேள்விக்கு அது விடையாகாது. அந்தக் கேள்வியை யாரும் விழா மேடையில் கேட்பதில்லை.

மாவட்டத்துக்கு இத்தனை இடம் என்று ஒதுக்கினால் என்ன என்று சிலர் கேட்பதுண்டு. அது தமிழ்நாட்டில் செய்து பார்க்கப்பட்ட ஒன்றுதான். 1960-களில் மருத்துவக் கல்லூரி இடங்கள் மாவட்டங்களின் மக்கள்தொகைக்கு ஏற்பப் பிரிக்கப்பட்டன. ராஜேந்திரன் வழக்கில் 1968-இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. ஒரு மாவட்டத்தில் பிறந்ததாலேயே கூடுதல் மதிப்பெண் எடுத்தவர் விலக்கப்படுவது சமத்துவத்துக்கு முரண் என்பது அதன் சாரம். இலங்கை வேறு வழியில் போயிற்று. அங்கே இன்றும் பல்கலைக்கழக இடங்களில் பெரும்பகுதி மாவட்டவாரியாகப் பகிரப்படுகிறது. ஒவ்வொரு பாடத்துக்கும் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் தனித்தனியாகக் குறைந்தபட்ச இசட் புள்ளி வெளியிடப்படுகிறது. யாழ்ப்பாணத்து மாணவருக்குக் கிடைக்காத இடம், அதே புள்ளியில் முல்லைத்தீவு மாணவருக்குக் கிடைக்கலாம். 1970-களில் தரப்படுத்தல் ஈழத் தமிழ் இளைஞர்களிடம் உண்டாக்கிய காயத்தை அறிந்தவர்கள், மாவட்ட ஒதுக்கீட்டை எளிய மருந்தாக எண்ண மாட்டார்கள்.

நம் மாநிலம் தேர்ந்தெடுத்த வழி பள்ளியை அடிப்படையாகக் கொண்டது. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் 2 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு, மருத்துவத்தில் 2020 முதலும் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 2021 முதலும் நடைமுறையில் உள்ளது. இவர்களுக்குத் தனித் தரவரிசை உண்டு. பொது வரிசையிலும் இவர்கள் நிற்கிறார்கள். இரண்டிலும் ஒதுக்கீடு கிடைத்தால் ஒன்றைத் தெரிந்துகொள்ளலாம். கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசின் பொறுப்பு. ஆகவே, ஸ்ரீவில்லிபுத்தூரில் அரசு மகளிர் பள்ளியில் படித்த ஒரு மாணவியின் வாய்ப்பை, அதே மதிப்பெண் எடுத்த தனியார் பள்ளி மாணவியின் வாய்ப்பைக் கொண்டு அளக்கவே கூடாது. அவருக்கு இரண்டு கதவுகள். இரண்டாவது கதவு இருப்பதே தெரியாமல் முதல் கதவில் முட்டிக்கொண்டு திரும்புவோர் இன்னும் இருக்கிறார்கள். இந்த இரு ஊர்களிலும் அரசு உதவிபெறும் பள்ளிகள் பழமையும் செல்வாக்கும் உடையவை; அங்கே படிப்பவர்களில் பலர் அரசுப் பள்ளி மாணவர்களைப் போலவே எளிய வீட்டுப் பிள்ளைகள், நூற்பாலைத் தொழிலாளர்களின் பிள்ளைகள். அவர்களுக்கு இந்த ஒதுக்கீடு இல்லை. நியாயமான மனக்குறைதான். அரசு அதற்குத் தெளிவாகப் பதில் சொல்ல வேண்டிய நேரம் வந்துவிட்டது.

பயத்தால் எழுதப்படும் பட்டியல்

எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு விருப்பப் பட்டியலில் நிகழ்கிறது. 2018 முதல் கலந்தாய்வு இணையவழியில் நடக்கிறது. மாணவர் தாம் விரும்பும் கல்லூரிகளையும் பாடங்களையும் வரிசைப்படுத்திப் பதிவு செய்ய வேண்டும். எத்தனை வேண்டுமானாலும் பதியலாம். கணினி, தரவரிசையில் முதலில் இருப்பவரை எடுத்து அவர் பட்டியலில் மேலிருந்து கீழாகப் பார்த்து, காலியாக உள்ள முதல் இடத்தைத் தருகிறது. பிறகு அடுத்தவர். உங்கள் முறை வரும்போது உங்கள் பட்டியலின் முதல் வரியில் உள்ள இடம் தீர்ந்துபோயிருந்தால், கணினி இரண்டாவது வரிக்குப் போகும். அவ்வளவுதான். கிடைக்காத ஒன்றை மேலே எழுதியதற்காக உங்களுக்கு எந்தத் தண்டனையும் இல்லை. இருபது கல்லூரிகளை வீணாக மேலே எழுதினாலும் இருபத்தொன்றாவது கல்லூரியில் உங்களுக்குரிய இடம் ஓர் இம்மியும் குறையாது.

இதை எத்தனை முறை சொன்னாலும் நம்ப மறுக்கிறார்கள். "கிடைக்காததை எதுக்கு எழுதணும், இருக்கறதும் போயிரும்" என்கிறார் ஒரு தாய். கிருஷ்ணன்கோவில், சிவகாசி, கோவில்பட்டி, விருதுநகர் என்று வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் உள்ள கல்லூரிகளை முதலில் எழுதிவிட்டு, பத்தாவது இடத்தில் தியாகராசர் கல்லூரி, பதினைந்தாவது இடத்தில் கிண்டி என்று எழுதிய பட்டியலை நானே பார்த்திருக்கிறேன். முதலில் எழுதிய கல்லூரியில் இடம் இருந்தால் கணினி அதைத்தான் தரும். பதினைந்தாவது வரியில் கிண்டி காலியாக இருந்தாலும் அந்த வரியை அது வாசிக்கவே வாசிக்காது. ஒதுக்கீட்டை ஏற்றுக்கொண்டு மேல்நோக்கிய நகர்வுக்குக் காத்திருக்கும் வசதியும் உண்டு. ஆனால், அது பட்டியலில் கிடைத்த இடத்துக்கு மேலே எழுதியவற்றுக்கு மட்டுமே பொருந்தும். கீழே எழுதியது கீழேயே கிடக்கும். பாதுகாப்புக்காக மேலே எழுதிய வரி, மற்ற எல்லாக் கதவுகளையும் உள்ளிருந்து தாழிட்டுவிடுகிறது.

இந்த அச்சம் நம்மூருக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பொதுப் பள்ளிச் சேர்க்கைக்கு இருந்த பழைய முறையில், ஒரு பள்ளியை முதல் விருப்பமாக எழுதியவர்களுக்கே முன்னுரிமை. எட்டாத பள்ளியை முதலில் எழுதியவர், எட்டும் பள்ளியையும் இழந்தார். அங்கே தாய்மார்களின் பயம் நியாயமானது. அதனால்தான் 2005-இல் அந்த முறை கைவிடப்பட்டது. அந்த மாற்றத்துக்கு ஆலோசனை சொன்னவர்களில் ஒருவரான ஆல்வின் ராத், லாயிட் ஷாப்ளியுடன் 2012-இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஷாப்ளியும் டேவிட் கேலும் 1962-இல் எழுதிய கட்டுரைதான் மாற்று முறைக்கு அடிப்படை. விரும்பிய வரிசையிலேயே உண்மையாக எழுதுவதைவிடச் சிறந்த தந்திரம் வேறில்லை என்ற நிலையை உண்டாக்குவதே அந்த மாற்றத்தின் நோக்கம். நம் கலந்தாய்வு அத்தகைய பண்பைப் பெற்றிருக்கிறது. பாஸ்டனில் பெற்றோருக்குக் கிடைத்ததை, ராஜபாளையத்துப் பெற்றோர் கையில் வைத்துக்கொண்டே பயன்படுத்தாமல் இருக்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை மட்டும் தேவை. கிடைத்தால் போக மாட்டோம் என்பதை எழுதக் கூடாது. மகளைச் சென்னைக்கு அனுப்ப வீட்டில் சம்மதம் இல்லையென்றால், அந்த வாதத்தைப் பட்டியலை எழுதும் முன்பே வீட்டுக்குள் முடித்துக்கொள்ள வேண்டும். பொதிகை விரைவு ரயிலில் ஓர் இரவுப் பயணம்தான் என்பதை எடுத்துச் சொல்ல அத்தையோ மாமாவோ தெருவில் ஒருவராவது இருப்பார்கள். பெண் பிள்ளையின் வாய்ப்பைக் குறைப்பது பல வீடுகளில் தரவரிசை அல்ல. தூரத்தைப் பற்றிய தயக்கம். அது எந்தக் கட்-ஆஃப் பட்டியலிலும் அச்சிடப்படுவதில்லை.

மே மாதத்து முன்பணம்

பயம் இருக்கும் இடத்தில் வணிகம் வந்து உட்காரும். தேர்வு முடிவுக்கும் கலந்தாய்வுக்கும் இடையே ஏறத்தாழ இரண்டு மாதங்கள். "இப்போதே கட்டினால்தான் கணினி அறிவியல் இடம், நாளைக்கு இருக்காது" என்று தொலைபேசி அழைப்புகள் வருகின்றன. நிர்வாக ஒதுக்கீட்டுக்கும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கும் இந்த இரண்டு மாதங்களே அறுவடைக் காலம். கலந்தாய்வில் நல்ல இடம் கிடைக்கக்கூடிய தரவரிசையில் உள்ள மாணவரின் தந்தை, மகனின் எண் என்னவென்று தெரிவதற்கு முன்பே நகையை அடகு வைத்துவிடுகிறார். பிறகு கலந்தாய்வில் இடம் கிடைத்தாலும், கட்டிய பணம் போய்விடுமே என்று அங்கேயே சேர்த்துவிடுகிறார்.

என் உறவினர் வீட்டில் நடந்ததும் இதுதான். பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, "அது பதிவுக் கட்டணம், திரும்பக் கிடைக்காது" என்றார்கள். சான்றிதழ்களைத் திரும்பப் பெறவே மூன்று முறை நடக்க வேண்டியிருந்தது. விதி அப்படிச் சொல்லவில்லை. வகுப்புகள் தொடங்கும் முன் மாணவர் விலகினால், நடைமுறைச் செலவாக அதிகபட்சம் ஆயிரம் ரூபாயைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பது அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழுமத்தின் விதி. அசல் சான்றிதழ்களை நிறுவனங்கள் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இலேயே அறிவித்திருக்கிறது. எழுத்தில் கேட்டால் பல நிறுவனங்கள் திருப்பித் தருகின்றன. கேட்கத் தெரிந்தவர்கள் குறைவு.

தனியார் கல்லூரிகளில் இப்போது நெருக்கடியே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு பாடத்தில் இத்தனை இடங்களுக்கு மேல் கூடாது என்றிருந்த வரம்பைத் தொழில்நுட்பக் கல்விக் குழுமம் 2024-இல் நீக்கியது. அதன்பின் கணினி சார்ந்த பாடங்களில் தனியார் கல்லூரிகள் இடங்களைப் பெருக்கிக்கொண்டே போகின்றன. "நாளைக்கு இருக்காது" என்பது கிண்டிக்குப் பொருந்தலாம். இடத்தை விற்க அலையும் கல்லூரிக்குப் பொருந்தாது.

கிண்டியிலும்கூடக் கதவு ஒரே நாளில் சாத்தப்படுவதில்லை. 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய அந்தக் கல்லூரியில் ஆண்டுதோறும் இடம் பெற்ற சிலர், ஐ.ஐ.டி.யோ, என்.ஐ.டி.யோ, மருத்துவமோ கிடைத்ததும் விலகுகிறார்கள். 2022 முதல் பின்பற்றப்படும் நடைமுறையில், இடத்தை உறுதி செய்தவர் குறிப்பிட்ட நாள்களுக்குள் கல்லூரியில் கட்டணம் செலுத்த வேண்டும். மேல்நோக்கிய நகர்வுக்குக் காத்திருப்பவர் உதவி மையத்தில் செலுத்த வேண்டும். தவறினால் இடம் வரிசையில் அடுத்தவருக்கு நகரும். எல்லைக்கோட்டில் நிற்கும் மாணவருக்கு இந்த நாள்கள் மிக முக்கியம். ஆனால், விலகல்கள் கலந்தாய்வு முடிந்த பின்னும் தொடர்வதால், முதன்மையான கல்லூரிகளிலேயே சில இடங்கள் ஆண்டு முழுதும் காலியாகக் கிடக்கும் அவலமும் உண்டு. மருத்துவக் கலந்தாய்வும் பொறியியல் கலந்தாய்வும் கால ஒழுங்கில் இணையும்வரை இது தீராது.

தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அதற்குப் பெரிய செலவும் இல்லை. கல்லூரி, பாடம், வகுப்புப் பிரிவு வாரியாகக் கடைசி மதிப்பெண்ணோடு கடைசித் தரவரிசை எண்ணையும், அந்தப் பிரிவில் இருந்த இடங்களின் எண்ணிக்கையையும், ஐந்தாண்டுகளுக்குச் சேர்த்து, தமிழில், ஒரே பக்கத்தில் தேடிப் பார்க்கும்படி வெளியிடலாம். அந்தப் பக்கத்தை எப்படி வாசிப்பது என்று ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளியிலும் ஓர் ஆசிரியருக்கு ஒரு நாள் பயிற்சி தரலாம். ஊர்தோறும் நூலகங்கள் இருக்கின்றன. ஸ்ரீவில்லிபுத்தூரில் 1875 முதல் இயங்கும் பென்னிங்டன் நூலகம் இருக்கிறது. ஜூலையில் பத்து நாள்களுக்கு மாலை வேளைகளில் ஒரு மேசையும் விவரம் தெரிந்த இரண்டு பேரும் அங்கே அமர்ந்தால், கணினி மையத்தில் இருநூறு ரூபாய் கொடுத்து வாங்கும் ஆரூடத்துக்கு அவசியம் இராது.

2025-இல் அதற்கெல்லாம் நேரம் இருக்கவில்லை. முதல் சுற்றில் இருந்தவர்கள் ஜூலை 14-ஆம் தேதி தங்கள் பட்டியலை எழுதத் தொடங்கினார்கள். அதற்குரிய கால அவகாசம் மூன்று நாள்.